ஏழு அண்ணாமலைகளும் ஒரு கம்ப்யூட்டரும்

திருவண்ணாமலையில் மளிகைக் கடை நடத்துகிறவரின் கடன் நோட்டில் அண்ணாமலை என்ற பெயர் எத்தனை முறை வரும் என்பதை வெளியூர் வணிகர்களும் ஊகித்துவிடலாம். 1996-ல் எங்கள் கடையில் ஏழு பேர் இருந்தார்கள். அருணாசலம் நான்கு பேர். பழைய நோட்டில் இதனால் ஒரு சிக்கலும் வந்ததில்லை. தச்சு வேலை அண்ணாமலை, பால்கார அண்ணாமலை, செங்கம் ரோடு அண்ணாமலை, பெரிய வீட்டு அண்ணாமலை என்று எங்கள் கணக்குப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஓர் அடைமொழி வைத்திருந்தார். ஆளைப் பார்த்ததும் அவர் கை தானாக உரிய பக்கத்தைத் திருப்பிவிடும்.

அந்த ஆண்டுதான் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டோடு சேர்ந்து நடந்த ஒரு சென்டரில் மூன்று மாதம் டிபேஸ் படித்த தைரியம். கடன் நோட்டு முழுவதையும் இரவு இரவாக உட்கார்ந்து அடித்து ஏற்றினோம். பெயருக்கு ஒரு கட்டம், தேதிக்கு ஒரு கட்டம், தொகைக்கு ஒரு கட்டம். கணக்குப்பிள்ளையின் அடைமொழிகளை எழுதுவது கம்ப்யூட்டருக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்தோமோ என்னவோ, அவற்றை விட்டுவிட்டோம். ஆங்கில எழுத்தில் அண்ணாமலை என்று ஏழு முறை அடித்து, முன்னெழுத்து தெரிந்தவர்களுக்கு மட்டும் அதைச் சேர்த்தோம்.

கார்த்திகை தீபத்துக்குச் சில நாள் முன்பு தச்சு வேலை அண்ணாமலை வந்து 4,000 ரூபாய் கட்டினார். கூட்ட நேரம். கல்லாவில் இருந்த பையன் திரையில் முதலில் வந்த அண்ணாமலையின் பெயரில் வரவு வைத்தான். தை மாதம் நாங்கள் பாக்கி கேட்டோம். கடையில் நாலு பேர் நிற்கும்போது கேட்டதுதான் பெரிய தவறு. அவர் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து தன் பற்று நோட்டை எடுத்துக் காட்டினார். எங்கள் கையெழுத்தே அதில் இருந்தது. "நான் கொடுத்தது கொடுத்ததுதான் முதலாளி. உங்க மிஷினைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர், அதன்பின் எங்கள் கடைக்கு வரவில்லை. பதினோரு வருட வாடிக்கை. நேரில் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். காப்பி கொடுத்து அனுப்பினார், சரக்கு மட்டும் வாங்கவில்லை.

அன்று இரவு கணக்குப்பிள்ளை கேட்டது ஒரே கேள்வி: "இதிலே பேரேட்டுப் பக்க எண் எங்கே எழுதுறீங்க?"

சிட்டையும் பேரேடும் எழுதிப் பழகியவர்களுக்கு அந்தக் கேள்வி உடனே விளங்கும். அன்றாட வரவு செலவு சிட்டையில் ஏறும். ஒவ்வொரு பதிவுக்கும் ஓரத்தில் பேரேட்டின் பக்க எண் இருக்கும். பேரேட்டில் ஓர் ஆளுக்கு ஒரு பக்கம்தான். அவர் பெயர், ஊர், தொழில் எல்லாம் அந்தப் பக்கத்தின் தலையில் ஒரே ஒரு முறை எழுதப்பட்டிருக்கும். பக்க எண்ணைப் பிடித்துக்கொண்டால் பெயர் குழம்ப வழியில்லை. 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற கணித அறிஞர், தகவல்களைத் தனித்தனி அட்டவணைகளாக வைத்து அவற்றை எண்களால் இணைக்கும் முறையை ஒரு கட்டுரையில் விளக்கினார். இன்று உலகில் ஓடும் வங்கிக் கணக்கும் ரயில் டிக்கெட்டும் பெரும்பாலும் அந்த முறையில்தான் நடக்கின்றன. எங்கள் கணக்குப்பிள்ளை அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. ஆனால் கணினியில் நாங்கள் விட்டது எது என்பதை அவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தார்.

மறுநாளே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் எண் கொடுத்து, அதை அவர்களுடைய பற்று நோட்டின் அட்டையிலும் எழுதினோம். ஒருவருக்குக் கொடுத்த எண்ணை அவர் கணக்கு முடிந்தாலும் இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. சிலர் கைபேசி எண்ணையே வாடிக்கையாளர் எண்ணாக வைக்கிறார்கள். அது தேடுவதற்கு நல்லது, கணக்குக்கு ஆகாது. எண் மாறுகிறது, ஒரே எண்ணை அப்பாவும் மகனும் பயன்படுத்துகிறார்கள், இருவரும் தனித்தனியே கடன் வாங்குகிறார்கள்.

துவரம் பருப்பு நான்கு பெயரில்

ஆட்களுக்கு வந்த அதே நோய் சரக்குக்கும் வந்தது. விருதுநகரிலிருந்து வந்த பில்லில் 'தூர் தால்', உள்ளூர் மொத்த வியாபாரி எழுதியது 'து.பருப்பு', பையன் அடித்தது 'துவரை', நாங்கள் விற்பனையில் போட்டது 'துவரம் பருப்பு'. கம்ப்யூட்டருக்கு இவை நான்கு சரக்கு. கொள்முதல் ஒரு பெயரில் ஏறியது, விற்பனை இன்னொரு பெயரில் இறங்கியது. ஒன்றில் மூன்று மூட்டை இருப்பு, இன்னொன்றில் இருப்பு கழிவுக் கணக்கில். சரக்குப் பட்டியல் என்று தனியாக ஒன்று வைத்து, அதில் இல்லாத பெயரை பில்லில் அடிக்கவே முடியாதபடி செய்த பிறகுதான் இது நின்றது. இன்று சந்தையில் கிடைக்கும் எந்தக் கணக்கு மென்பொருளிலும் இந்த வசதி உண்டு. ஆனால் அவசரத்தில் 'புதிய சரக்கு' என்ற பொத்தானை அமுக்குகிற வழக்கமும் எல்லாக் கடையிலும் உண்டு. எங்கள் கடையில் புதிய சரக்கைச் சேர்க்கும் உரிமை ஒருவருக்கு மட்டும்தான். யார் என்று சொன்னால் வீட்டில் சண்டை வரும்.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பணம் ஒழுகுவது அதிகமும் இங்கேதான். எண்ணெய் டின் 15 கிலோ. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். ஆகவே ஒரு டின்னில் சுமார் பதினாறரை லிட்டர் இருக்கும். கொள்முதலைக் கிலோவிலும் சில்லறையை லிட்டரிலும் போட்டு இரண்டையும் ஒன்றாகக் கழித்தால், பத்து டின் தீர்வதற்குள் பதினைந்து லிட்டர் வித்தியாசம் வந்துவிடும். நாங்கள் ஒரு பையனைச் சந்தேகப்பட்டு, பின்னால் வெட்கப்பட்டோம். அளந்து ஊற்றியதில் அவனிடம் ஒரு குறையும் இல்லை.

அரிசியில் இன்னொரு கதை. 2022 ஜூலை 18 முதல், பொதி செய்து பெயரிட்ட அரிசிக்கு 25 கிலோ வரையிலான பைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. உடனே 26 கிலோ மூட்டை சந்தைக்கு வந்துவிட்டதை நாம் அனைவரும் அறிவோம். எங்கள் பட்டியலில் அரிசிக்கு அளவு 'மூட்டை' என்று மட்டும் இருந்தது. ஒரு மூட்டை என்றால் 25 கிலோ என்று கணக்கு தானாக எடுத்துக்கொண்டது. ஆரணியிலிருந்து வந்த 40 மூட்டையில் 40 கிலோ கணக்குக்கு வெளியே நின்றது. கிலோ 50 ரூபாய் என்றால் 2,000 ரூபாய். சரக்கு எங்கும் போய்விடவில்லை, ஆனால் சில்லறை விலை போட்டபோது அடக்கவிலை தவறாக வந்து கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏற்றி விற்றிருக்கிறோம். பக்கத்துக் கடையில் விலை குறைவு என்று ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்தது. இப்போது 25 கிலோ மூட்டையும் 26 கிலோ மூட்டையும் எங்களுக்கு இரண்டு சரக்கு. எல்லாச் சரக்குக்கும் இருப்பு ஒரே அடிப்படை அளவில்தான்: நிறுப்பது கிலோவில், எண்ணுவது எண்ணிக்கையில். எண்ணெய் சில்லறையாக லிட்டரில் போனாலும் இருப்பில் கிலோவாகவே கழியும். மூட்டை, டின், பெட்டி எல்லாம் வாங்கும்போது பெருக்கிக்கொள்ள மட்டும்.

ஆகஸ்டில் இரண்டு பௌர்ணமி

நம் ஊர் வியாபாரம் ஆங்கில மாதத்தைப் பார்த்து நடப்பதில்லை. பௌர்ணமிக்கு முன்னும் பின்னுமான இரண்டு மூன்று நாட்கள்தான் மாதத்தின் மையம். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்க வருகிறவர்கள் வாங்கும் கற்பூரம், தண்ணீர் பாட்டில், பிஸ்கட், வழியில் கடை போடுகிறவர்கள் எங்களிடம் மொத்தமாக எடுக்கும் சர்க்கரை, டீத்தூள், ரவை எல்லாம் அந்த நாட்களில்தான். ஆனால் மென்பொருள் தரும் அறிக்கை எல்லாம் மாதக் கணக்கு.

2024 ஆகஸ்டுக்குச் சரக்கு போடும்போது எங்கள் வீட்டுப் பிள்ளை முந்தின ஆண்டு ஆகஸ்டு விற்பனையை எடுத்துப் பார்த்து, அதே அளவு வரவழைத்துவிட்டான். மிக ஒழுங்காகத்தான் செய்தான். ஆனால் 2023 ஆகஸ்டில் பௌர்ணமி இரண்டு: 1-ஆம் தேதி ஒன்று, 30-ஆம் தேதி ஒன்று. 2024 ஆகஸ்டில் 19-ஆம் தேதி ஒன்றுதான். பிஸ்கட் பெட்டிகள் தேதி முடியும் நிலைக்கு வந்தன. பாதி விலைக்குத் தள்ளினோம். கற்பூரம் அதைவிட மோசம். வைத்தால் கரைந்து காற்றில் போகிற சரக்கு அது. பாக்கெட் எண்ணிக்கை அப்படியே இருக்கும், எடை குறைந்துகொண்டே வரும். இதற்கு நேர்மாறாக 2018 பிப்ரவரியில் பௌர்ணமியே இல்லை. ஜனவரி 31-ல் ஒன்று முடிந்து மார்ச் 1-ல் அடுத்தது வந்தது. அந்தப் பிப்ரவரி அறிக்கையைப் பார்த்தால் கடையை மூடிவிடலாமா என்று தோன்றும்.

தீபமும் இப்படித்தான். மகாதீபம் 2022-ல் டிசம்பர் 6, 2023-ல் நவம்பர் 26, 2024-ல் டிசம்பர் 13, 2025-ல் டிசம்பர் 3. நவம்பரை நவம்பரோடு ஒப்பிட்டால் வரும் விடை யாருக்கு உதவும்? உள்ளூர்க்காரர் யாரும் இதில் ஏமாற மாட்டார். ஆனால் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி ஒருவர் எங்கள் நவம்பர் கணக்கைப் பார்த்து, "விற்பனை இறங்கிவிட்டது" என்று கடன் தவணையைக் குறைக்க வந்தார். பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டி அனுப்பினோம்.

இதற்கு நாங்கள் கண்ட வழி மிகச் சாதாரணமானது. நாட்களுக்கென்று ஓர் அட்டவணை. ஒரு நாளுக்கு ஒரு வரிசை. தேதி, பௌர்ணமிக்கு எத்தனை நாள் முன் அல்லது பின், திருவிழா, குறிப்பு. ஆண்டு தொடக்கத்தில் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒரு மணி நேரத்தில் நிரப்பிவிடலாம். விற்பனை அட்டவணையைத் தேதியால் இதோடு இணைத்தால், 'பௌர்ணமிக்கு முந்தின நாள் தண்ணீர் பாட்டில் எத்தனை பெட்டி போகிறது' என்ற கேள்விக்கு மூன்று வருட விடை ஒரே நொடியில் வருகிறது. டேட்டாபேஸ் படித்ததன் பயன் என்று எங்களைக் கேட்டால் இந்த ஒரு கேள்வியைத்தான் காட்டுவோம். குறிப்புக் கட்டத்தையும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 1 அன்று புயல் மழையில் மலைச்சரிவு ஏற்பட்டு ஏழு உயிர்கள் போயின; அந்த ஆண்டு தீபத்துக்கு மலையேற பக்தர்களுக்கு அனுமதி இல்லை. அந்த நாட்களின் எண்ணை வைத்து அடுத்த ஆண்டுக்குச் சரக்கு போடக் கூடாது என்று எண் தானாகச் சொல்லாது.

ஒரே இரவில் மாறிய வரி

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை, நவராத்திரி முதல் நாள். ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தடவும் எண்ணெய், பிஸ்கட் 18-லிருந்து 5 சதவீதம் ஆயின. நெய், வெண்ணெய், பாக்கெட் மிக்சர் வகைகள் 12-லிருந்து 5. துணி துவைக்கும் பவுடர் 18-லேயே நின்றது. கடைக்காரர் ஒருவர் ஒவ்வொரு சரக்கின் எதிரிலும் வரியைக் கையால் அடித்து வைத்திருந்தார். அவரும் மனைவியும் மூன்று இரவு தூங்கவில்லை. எங்களிடம் வரிக்குத் தனிப் பட்டியல் இருந்தது. சரக்கின் எதிரில் எச்.எஸ்.என். குறியீடு மட்டும், குறியீட்டின் எதிரில் வரி விகிதம். ஓரிடத்தில் மாற்றினால் அந்தக் குறியீட்டில் உள்ள எல்லாச் சரக்கும் மாறும். அரை மணியில் முடித்துவிட்டுப் பெருமையாகப் படுத்தோம்.

பெருமை இரண்டு நாள்தான் நின்றது. சோப்புக்கு நான்கு இலக்கக் குறியீடு 3401. குளியல் சோப்புக் கட்டி மட்டும் 5 சதவீதத்துக்கு இறங்கியது. அதே 3401-ல் வரும் துவைக்கும் சோப்பும் திரவ சோப்பும் 18-லேயே இருந்தன. நாங்கள் மொத்தத்தையும் 5 ஆக்கிவிட்டோம். இரண்டு நாள் விற்ற துவைக்கும் சோப்புக்கு உரிய மீதி வரி எங்கள் கையிலிருந்து. ஆகவே பட்டியல் போடும்போது குறியீட்டோடு நிறுத்தாமல், அதற்குள் வரி வேறுபடும் இனத்துக்குத் தனி வரிசை போட வேண்டும்.

வரிப் பட்டியலில் 'எந்தத் தேதி முதல்' என்ற கட்டமும் அவசியம். பழைய விகிதத்தை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதினால், செப்டம்பர் 20-ல் விற்ற பிஸ்கட்டைக் கடைக்காரர் அக்டோபரில் திருப்பும்போது வரவுச்சீட்டு 5 சதவீதத்தில் வந்துவிடும், விற்றது 18-ல். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு வணிகர்களுக்கு பில்லில் வரி போடும் தலைவலி இல்லை. ஆனால் அவர்களுக்கும் கொள்முதல் விலை அன்று மாறியது. பழைய அடக்கவிலை எது, புதியது எது என்று பிரிக்கத் தேதி வேண்டும்.

எந்த மென்பொருள்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், நாங்கள் கடைசியில் வைத்திருக்கிறோம். நாங்கள் படித்த டிபேஸை எழுதியவர் வேய்ன் ராட்லிஃப் என்ற அமெரிக்கப் பொறியாளர். விண்கலங்களை அனுப்பும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர், கால்பந்துப் பந்தயத்தில் ஜெயிப்பதற்காகக் கணக்குப் போட ஆரம்பித்ததில் பிறந்தது அது. டாலியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. பெங்களூரில் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் சப்ளை செய்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் வியாபாரத்துக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காமல் மகன் பாரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-ல் தொடங்கிய அந்த முயற்சிதான் இன்று நம் தெருக்களில் ஓடுகிறது.

டிபேஸுக்குப் பிறகு ஃபாக்ஸ்புரோ வந்தது. ஒரு நண்பர் அதில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார், பத்து வருடம் நன்றாக ஓடியது. அவர் வெளிநாடு போய்விட்டார். மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 2015-ல் ஃபாக்ஸ்புரோவுக்கான ஆதரவை முழுவதும் நிறுத்தியது. தமிழில் அடித்த பெயர்கள் ஒரு பழைய எழுத்துருவில் இருந்ததால், புதிய கம்ப்யூட்டரில் திறந்தபோது வெறும் கோடும் புள்ளியுமாகத் தெரிந்தன. தமிழக அரசே 2010-ல் யூனிகோடு முறைக்கு வந்துவிட்டது, நாங்கள்தான் பின்தங்கியிருந்தோம். 600 பெயரைத் திரும்ப அடித்தோம். அதனால் இப்போது எந்த மென்பொருள் விற்க வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது விலையை அல்ல. "எங்கள் சரக்குப் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் பில் விவரத்தையும் நாங்களே எக்ஸெல்லில் எடுக்க முடியுமா? இங்கேயே இப்போதே எடுத்துக் காட்டுங்கள்" என்போம். வருடச் சந்தா கட்டாவிட்டால் பழைய கணக்கைப் பார்க்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். மென்பொருள் கம்பெனி அத்தனை நாள் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. காப்பு நகலை நாங்கள் இரண்டு பென் டிரைவில் மாற்றி மாற்றி எடுக்கிறோம். ஒன்று கடையில், ஒன்று வீட்டில்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மார்ச் 31 நல்ல நாள். எப்படியும் அன்று இருப்பு எடுக்கப் போகிறோம். அதற்கு இரண்டு வாரம் முன்பு, கம்ப்யூட்டரைத் தொடாமல், ஒரு நீளப் பேப்பரில் அதிகம் ஓடும் ஐம்பது சரக்கை மட்டும் எழுதுங்கள்: எண், ஒரே பெயர், அடிப்படை அளவு, மூட்டைக்கு எத்தனை கிலோ, எச்.எஸ்.என். குறியீடு. இன்னொரு பேப்பரில் கடன் வாடிக்கையாளர்கள், அடைமொழியோடு. இதை எழுதும்போதே வீட்டில் வாக்குவாதம் வரும்: பொன்னி அரிசி ஒன்றா மூன்றா, கடலைப் பருப்பு உடைத்தது தனியா சேர்த்தா என்று. அந்த வாக்குவாதத்தை அப்போதே முடித்துவிட்டால் பிறகு அடிப்பது இரண்டு நாள் வேலை. முதல் மூன்று மாதம் கை நோட்டையும் விடாதீர்கள். வாரம் ஒரு முறை பத்துச் சரக்கை நேரில் எண்ணி, திரையோடு ஒத்துப் பாருங்கள். ஒத்து வராத சரக்குதான் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கும்.

எங்கள் கணக்குப்பிள்ளை இப்போது இல்லை. அவருடைய அடைமொழிகள் எல்லாம் வாடிக்கையாளர் பட்டியலில் தனிக் கட்டமாக இருக்கின்றன. பையன்கள் எண்ணைத் தேடுவதைவிட அதைத்தான் தேடுகிறார்கள். தச்சு வேலை அண்ணாமலையின் எண் 114. பாக்கி பூஜ்யம் என்று அந்தக் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. போன வருடம் அவருடைய பேரன் வந்து ஒரு கிலோ சர்க்கரை வாங்கிப் போனான், ரொக்கத்துக்கு.

நாங்கள் பயன்படுத்தும் சரக்குப் பட்டியல், வாடிக்கையாளர் பட்டியல், நாள் அட்டவணை மூன்றின் வெற்றுப் படிவங்களையும் வேண்டும் உறுப்பினர்களுக்கு நகல் எடுத்துத் தருகிறோம். காலை 11 மணிக்கு மேல் கடைக்கு வரலாம். பௌர்ணமியும் அதற்கு முந்தின இரண்டு நாளும் தவிர.